வேலையிழந்த பிள்ளைக்கு உதவும் பெற்றோர் தங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பைக் காப்பது எப்படி?

வளர்ந்த மகனோ மகளோ சிங்கப்பூரில் ஆட்குறைப்புக்கு ஆளாகி வேலையிழந்தால், யாரும் கேட்காமலேயே செலவுகள் பெற்றோர் தலையில் ஏறுகின்றன. முதலில் கைப்பேசிக் கட்டணம், அடுத்துக் காப்புறுதிச் சந்தா, பிறகு வீட்டுக் கடன் தவணை. உதவத் தொடங்குமுன் எந்தப் பணத்திலிருந்து, மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்ற மூன்றையும் முடிவு செய்து, பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கைச்சம்பளத்திலிருந்தும் வங்கிச் சேமிப்பிலிருந்தும் கொடுங்கள். சம்பளத்திலிருந்து ஓய்வுக்காலத்துக்கெனக் கட்டாயமாகச் சேரும் மத்திய சேம நிதியைத் தொடாதீர்கள். 55 வயதானதும் குறைந்தது 5,000 வெள்ளியை எடுக்கலாம் என்பதும், சொந்த வீடு உள்ளவர்கள் அந்த நிதியின் ஓய்வுக்காலக் கணக்கில் அடிப்படை ஓய்வுக்காலத் தொகைக்கு (மாத வருமானத்துக்கென அங்கே விட்டுவைக்க வேண்டிய தொகை) மேல் உள்ளதில் ஒரு பகுதியை எடுக்க வழியுண்டு என்பதும் பலருக்குத் தெரியும். இந்தச் சலுகைதான் நெருக்கடி நேரத்தில் கையை நீட்ட வைக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஆண்டுக்குக் குறைந்தது 4 விழுக்காடு வட்டி சேர்கிறது. இன்று எடுக்கும் தொகை, 65 வயதிலிருந்து ஆயுள் முழுவதும் மாதந்தோறும் வரவேண்டிய வருமானத்தைக் குறைத்துவிடும்.

வீட்டுக் கடனில் நீங்களும் பிள்ளையும் கூட்டாகக் கையெழுத்திட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. சம்பளம் நின்றவுடன் பிள்ளையின் சேம நிதிச் சந்தாவும் நின்றுவிடுகிறது. வீட்டுத் தவணைக்குப் பயன்படும் அவரது சேம நிதிச் சாதாரணக் கணக்கில் இருப்பு உள்ளவரை தவணை கழிக்கப்படுவதால் சில மாதங்களுக்கு எதுவும் நடக்காததுபோல் தோன்றும், இருப்பு தீர்ந்த பிறகு அது ரொக்கமாக உங்களிடம் வந்து நிற்கும். எனவே வேலை போன மாதமே அந்த இருப்பைக் கேட்டறிந்து, எத்தனை தவணைக்குப் போதும் என்று கணக்கிடுங்கள். போதாது எனத் தெரிந்தால், தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்த வங்கியிடமோ வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமோ பேசுங்கள். புதிய கடன் எதற்கும் பிணையாளராகக் கையெழுத்திட வேண்டாம். உங்கள் பெயரில் துணைக் கடன்பற்று அட்டை எடுத்துத் தருவதும் உங்கள் கடனே.

பிள்ளை தன் பங்கிற்குப் பெறக்கூடியதை முதலில் பெறச் செய்யுங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், தன் விருப்பமின்றி வேலையிழந்தவர்களில் முன்பு சராசரியாக மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் ஈட்டாதவர்களுக்கு, மற்ற தகுதிகளும் இருந்தால், ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை தருகிறது. முதல் மாதம் 1,500, அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதங்களில் தலா 750. இதற்கு அவரே விண்ணப்பித்து, மாதந்தோறும் வேலை தேடும் முயற்சிகளையும் காட்ட வேண்டும். இந்தத் தொகையைக் கழித்த பிறகே உங்கள் உதவியைத் தீர்மானியுங்கள். அவர் தொகை குறையும் மாதங்களுக்கென உங்கள் பணத்தைச் சற்றே ஒதுக்கி வையுங்கள்.

வேலையில்லாத பிள்ளையிடம் பணக் கணக்குப் பேச மனம் கூசும் என்பது உண்மைதான். ஆனால் பேசாமல் விட்டால் அவர் உங்கள் நிலைமையை அறியாமலேயே செலவு செய்வார், நீங்களும் உள்ளுக்குள் குமுறுவீர்கள். மற்றப் பிள்ளைகளிடமும் இதை மறைக்காதீர்கள். குடும்பத்தின் அன்றாடச் செலவுக்கே தட்டுப்பாடு வந்தால், சேமிப்பு கரையும்வரை காத்திராமல், வட்டாரச் சமூகச் சேவை அலுவலகத்தில் அரசாங்கத்தின் கம்கேர் நிதியுதவி பற்றியும், இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவில் குடும்ப ஆதரவு பற்றியும் விசாரியுங்கள்.