கிராங்க் இல்லாத பிஸ்டன்: கட்டுப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் எங்கே திரும்ப வேண்டும் என்று கன்ட்ரோலர் கவலைப்படுவதில்லை. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் அளவிலேயே அது முடிவாகிவிடுகிறது. ஃப்ரீ பிஸ்டன் எஞ்சினில் கிராங்கும் இல்லை, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் இல்லை. ஒரு பக்கம் எரியும் வாயு தள்ளுகிறது. மறுபக்கம் அடைபட்ட காற்றோ இன்னொரு சிலிண்டரோ திருப்பித் தள்ளுகிறது. நடுவில் நேர்கோட்டு அசைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் லீனியர் ஜெனரேட்டரோ ஹைட்ராலிக் பம்போ தன் பங்கு வேலையை எடுத்துக்கொள்கிறது. இந்த விசைகளின் கணக்கு எங்கே தீர்கிறதோ அங்கேதான் பிஸ்டன் திரும்பும்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரவுல் பதேராஸ் பெஸ்காரா இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1928-இல். கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகிவிட்டது. ஆனாலும் இந்த எஞ்சின் பரவலாகவில்லை என்றால், முக்கியமான காரணங்களில் ஒன்று கட்டுப்பாடு. ஆய்வுக்கூடத்தில் இதைக் கட்டிப் பார்க்கிறவர்களில் பலர் ஒரே வகைத் தவறுகளைச் செய்கிறார்கள். கிராங்க் எஞ்சினில் பழகிய கண்ணோடு இதைப் பார்ப்பதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றின் வேர்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு சிறிய எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 60 மி.மீ. போர்ட் (சிலிண்டர் சுவரில் வாயு வந்துபோகும் துளை) மூடிய இடத்திலிருந்து சிலிண்டர் ஹெட் (சிலிண்டரின் மூடி) வரை 85 மி.மீ. மொத்த வீச்சு ஏறக்குறைய 100 மி.மீ. பிஸ்டனும் காந்தத் தண்டும் சேர்ந்து 5 கிலோ. நொடிக்கு 25 சுழற்சி. ஒரு பக்கம் எரிப்பு, மறுபக்கம் காற்று ஸ்பிரிங், நடுவில் லீனியர் ஜெனரேட்டர். ஒரு சுழற்சிக்கு ஜெனரேட்டர் எடுப்பது 100 ஜூல். அதாவது சுமார் 2.5 கிலோவாட். கீழே வரும் எண்கள் எல்லாம் வெப்ப இழப்பும் கசிவும் இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு.

வேகத்தைக் கட்டுப்படுத்தப் பார்ப்பது

முதல் தவறு இதுதான்: ஒரு கவர்னரை எழுதி, வேகம் குறைந்தால் எரிபொருளைக் கூட்டு, ஏறினால் குறை என்று விட்டுவிடுவது. கிராங்க் எஞ்சினில் இது நடக்கும். இங்கே நடக்காது. பிஸ்டனின் எடையும் இரு பக்க வாயுவின் விறைப்பும் சேர்ந்துதான் இதன் அலைவு எண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை முறை போய்வருகிறது என்பதை, தீர்மானிக்கின்றன. எரிபொருளைக் கூட்டினால் அலைவு எண் கொஞ்சம்தான் ஏறும். கூடுதல் ஆற்றல் முழுவதும் வீச்சை நீட்டத்தான் போகும். வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கன்ட்ரோலருக்கு, பிஸ்டன் ஹெட்டை நெருங்கிக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது.

பெரிய எஞ்சின்களும் இந்த எல்லைக்குள்தான் வாழ்ந்தன. பிரான்சின் சிக்மா நிறுவனத்தின் ஜி.எஸ்-34, 340 மி.மீ. விட்டமுள்ள, சூடான வாயுவை உற்பத்தி செய்யும் ஃப்ரீ பிஸ்டன் எஞ்சின். அதிலிருந்து வரும் வாயு டர்பைனைச் சுழற்றும். 1957-இல் வில்லியம் பாட்டர்சன் என்ற அமெரிக்க லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பலில் இந்த வகை எஞ்சின்கள் ஆறு பொருத்தப்பட்டன. இத்தகைய எஞ்சின்களின் வேக வரம்பு குறுகலானது. அதனால் சுமை மிகவும் குறையும்போது அழுத்திய காற்றைத் திருப்பி விடவோ வெளியே விடவோ வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மையான விடை கண்டவர்கள் நெதர்லாந்தின் இன்னாஸ் நிறுவனத்தார். அவர்களுடைய கைரான் என்ற ஹைட்ராலிக் எஞ்சினில் பிஸ்டன் ஹெட்டிலிருந்து விலகித் திரும்பும் கீழ்முனைக்கு வந்ததும் வால்வு ஒன்று அதைப் பிடித்து நிறுத்திவிடும். வேலை வேண்டும்போது வால்வைத் திறந்து விடுவார்கள். ஒவ்வொரு வீச்சும் ஒரே மாதிரி. வீச்சுகளுக்கு இடையிலான ஓய்வுதான் மாறும். திறனும் அதோடு மாறும். அழகான யோசனை. ஆனால் காற்று ஸ்பிரிங் வைத்த லீனியர் ஜெனரேட்டரில் இதை அப்படியே எடுத்தாள முடியாது. கீழ்முனையில் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருக்கும் காற்றை எதிர்த்துப் பிடித்து வைக்கவே மின்சாரம் செலவாகும். அங்கே ஒரு சுழற்சிக்கான எரிபொருளையும் சுமையையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லையென்றால், ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டி.எல்.ஆர். செய்ததுபோல், காற்று ஸ்பிரிங்கில் அடைபட்ட காற்றின் அளவையே மாற்ற வேண்டும்.

சுமையை வெளியாளாக நினைப்பது

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறாகப் படுகிறது. கன்ட்ரோலரை எழுதுகிறவர் எரிப்பைத் தன் பொறுப்பாகவும் மின்சுமையை யாரோ வெளியாள் தரும் தொந்தரவாகவும் எடுத்துக்கொள்கிறார். ஆற்றலைத் தேக்கி வைக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் இருந்தால் அப்படி நினைக்கலாம். ஒரு நான்கு சிலிண்டர் கார் எஞ்சினின் சுழலும் பாகங்களில் 2000 ஆர்.பி.எம்.-இல் சில ஆயிரம் ஜூல் தேங்கி நிற்கும். சேமிப்பு உள்ள குடும்பம் ஒரு மாதச் சம்பளம் தாமதமானாலும் சமாளித்துக்கொள்வதுபோல அது சமாளித்துக்கொள்ளும். நம் எஞ்சினில் பிஸ்டன் அதிவேகமாகப் போகும்போதுகூட அதனிடம் இருப்பது சுமார் 150 ஜூல்தான். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அடுப்பெரிக்கும் வீட்டுக் கணக்கு இது. ஒவ்வொரு வீச்சிலும் வரவும் செலவும் நேராக வேண்டும்.

நேராகாவிட்டால் என்ன ஆகும்? அமுக்க விகிதம் (வாயு எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) 17 என்று வைத்தால், பிஸ்டன் ஹெட்டிலிருந்து 5 மி.மீ. தொலைவில் திரும்ப வேண்டும். அதற்கு வாயுவை அமுக்கத் தேவைப்படும் ஆற்றல் ஏறக்குறைய 115 ஜூல். சுமை திடீரென்று அறுந்து, ஜெனரேட்டர் எடுக்க வேண்டிய 50 ஜூல் பிஸ்டனிலேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் 2.5 மி.மீ. வரை போகும். அமுக்க விகிதம் 33-ஐத் தாண்டும். எரிப்பு தொடங்கும் முன்பே உள்ளழுத்தம் 110 பாருக்கு மேல் ஏறிவிடும். அதன் மேல் எரிபொருளும் முன்கூட்டியே பற்றிக்கொண்டால் ஹெட் போல்ட்டுகள்தான் விலை கொடுக்கும். மாறாக 50 ஜூல் குறைந்தால் பிஸ்டன் 12 மி.மீ. தொலைவிலேயே திரும்பிவிடும். அமுக்க விகிதம் 7-க்குக் கீழே போகும். டீசல் பற்றவே பற்றாது, எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். 50 ஜூல் என்பது அரைச் சுழற்சியின் சுமை மட்டுமே. இவ்வளவு பெரிய வித்தியாசமும் 20 மில்லி நொடிக்குள் நடந்து முடிகிறது.

ஆகவே வெளிச்சுமை எப்படிக் குதித்தாலும் ஜெனரேட்டர் பிஸ்டன்மேல் கொடுக்கும் விசை உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். நடுவில் ஒரு டி.சி. பஸ் (ஜெனரேட்டரையும் சுமையையும் இணைக்கும் நேர்மின் இணைப்பு), அதில் கெப்பாசிட்டரும் பேட்டரியும், மிஞ்சும் மின்சாரத்தை எரித்துத் தீர்க்க ஒரு ரெசிஸ்டர், இவையெல்லாம் கட்டாயம். வெளிச்சுமை போனால் மின்சாரம் ரெசிஸ்டருக்குத் திரும்ப வேண்டும்; பிஸ்டனுக்கு அது தெரியவே கூடாது. எரிப்பு தவறினால் ஜெனரேட்டர் அதே வீச்சில் மோட்டாராக மாறிக் கை கொடுக்க வேண்டும். எரிப்பு நடந்ததா இல்லையா என்பது விரிவு வீச்சின் தொடக்கத்திலேயே வேகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அழுத்த சென்சாருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கடைசி நேரத்தில் திருத்தலாம் என்று நம்புவது

பிஸ்டன் ஹெட்டுக்கு அருகே திரும்பும் மேல்முனையை ஒரு பி.ஐ. கன்ட்ரோலரும் (இப்போதைய பிழையையும் இதுவரை சேர்ந்த பிழையையும் பார்த்துத் திருத்துவது) கீழ்முனையை இன்னொன்றும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அமைப்பதும் வழக்கமான தவறு. இந்த இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. எரிப்பில் வந்த ஆற்றல்தான் கீழ்முனையை முடிவு செய்கிறது. அங்கே காற்று ஸ்பிரிங்கில் சேர்ந்த ஆற்றல்தான் அடுத்த மேல்முனையை முடிவு செய்கிறது. மேல்முனைப் பிழையைப் பார்த்து எரிபொருளை மாற்றினால், அதன் பலன் ஒரு சுழற்சி கழித்துத்தான் தெரியும். அதற்குள் கீழ்முனைக் கன்ட்ரோலர் தன் பங்குக்கு ஒன்றைச் செய்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கிவிடும். கெயினை, அதாவது பிழையை எவ்வளவு பலமாகத் திருத்துவது என்பதை, கூட்டினால் ஒரு வீச்சு நீளம், ஒரு வீச்சு குட்டை என்று எஞ்சின் நொண்டும்.

இருபுறமும் எரியும் இரட்டை பிஸ்டன் அமைப்பில் இது இன்னும் மோசம். வலது சிலிண்டர் பலமாக எரிந்தால் இடது அதிகமாக அமுக்கப்படும். இடது முன்கூட்டியே பற்றும். அந்தக் கோளாறு திரும்ப வலதுக்கு வரும்.

சரியான வழி முன்கூட்டியே கணிப்பது. அமுக்க வீச்சில் பிஸ்டனின் இடம், வேகம், ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் அழுத்தம் ஆகியவற்றிலிருந்து மொத்த ஆற்றலைக் கணக்கிட்டால், அது எங்கே போய்த் திரும்பும் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் திருத்தும் சக்திக்கும் எல்லை உண்டு. நம் ஜெனரேட்டரின் விசை சுமார் 500 நியூட்டன். பாதி வீச்சில் பிழையைக் கண்டுபிடித்தால், மீதமுள்ள 40 மி.மீ.-இல் அதனால் கூட்டவோ குறைக்கவோ முடிந்தது 20 ஜூல் மட்டும். 50 ஜூல் பிழையை அங்கே சரிசெய்ய முடியாது. அதை எரிப்பு முடிந்த கையோடு, விரிவு வீச்சிலேயே தொடங்கியாக வேண்டும். எரிப்பு தவறிய வீச்சில் இன்டிகிரேட்டரை நிறுத்தி வைக்கவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் அது சேர்த்து வைத்த பிழையை அடுத்த நல்ல எரிப்பின் தலையில் கொட்டும்.

நேரத்தை நம்பி நெருப்பு வைப்பது

கிராங்க் கோணம் இல்லாததால், போன சுழற்சியின் நேரத்தை வைத்து "இத்தனை மில்லி நொடி கழித்து எரிபொருளைச் செலுத்து" என்று எழுதிவிடுகிறார்கள். வீச்சு மாறினால் நேரமும் மாறும். பிஸ்டன் நடுவில் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு மில்லி நொடிப் பிழை 8 மி.மீ. பிழை. மேல்முனையில் ஒரு மி.மீ. என்பதே பெரிய தொகை: 5 மி.மீ. 4 ஆனால் அமுக்க விகிதம் 17-இலிருந்து 21. 6 ஆனால் 14. அமுக்கிய காற்றின் வெப்பநிலை இந்த இரண்டு முனைகளுக்கும் இடையே நூறு டிகிரிக்கு மேல் வேறுபடும். ஸ்பார்க் இல்லாமல் தானே பற்றும் எரிப்பை நம்பியிருந்தால், பற்றுமா பற்றாதா என்பதே இந்த மி.மீ.-இல்தான் இருக்கிறது. ஆகவே இன்ஜெக்ஷனும் ஸ்பார்க்கும் பிஸ்டனின் இடத்தையும் வேகத்தையும் பார்த்துத்தான் நடக்க வேண்டும். இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதத்தையும் அந்த வேகத்தோடு பெருக்கி முன்கூட்டிச் சேர்க்க வேண்டும்.

இதில் ஒரு துணைத் தவறும் உண்டு. இடத்தை வகைக்கெழு எடுத்து வேகம் காண்பது. சென்சாரின் துல்லியம் 0.1 மி.மீ., ஒவ்வொரு 0.1 மில்லி நொடிக்கும் ஒரு அளவீடு என்றால், வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் படிகளாகத்தான் வரும். ஆற்றல் வேகத்தின் வர்க்கம் என்பதால் இந்தக் கரடுமுரடு கணிப்பை நாசமாக்கிவிடும். ஜெனரேட்டர் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தமே வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பது. அதையும் இடச் சென்சாரையும் சேர்த்து ஒரு அப்சர்வர் (அளவீடுகளிலிருந்து உண்மை நிலையை மதிப்பிடும் நிரல்) எழுதினால் சீரான வேகம் கிடைக்கும். இடத்தை எண்ணிச் சொல்லும் என்கோடர் எண்ணிக்கை தவறிவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு வீச்சிலும் ஒரு நிலையான குறியைக் கடக்கும்போது பூச்சியத்தைத் திரும்பச் சரிசெய்துகொள்வதும் நல்லது.

ஒரே தள்ளில் ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது

அமுக்க விகிதம் 17-இல் பிஸ்டன்மேல் வரும் விசை சுமார் 13,000 நியூட்டன். நம் மோட்டாரிடம் இருப்பது 500. இதைப் பார்த்ததும் பெரிய மோட்டார் வாங்க ஓடக் கூடாது. ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தையை யாரும் ஒரே தள்ளில் உச்சிக்கு அனுப்புவதில்லை. போகும் திசையில், போகும்போது மட்டும் தள்ளுகிறோம்; வீச்சு தானாக ஏறுகிறது. இங்கும் அதே முறை. பிஸ்டன் நகரும் திசையிலேயே முழு விசையைக் கொடுத்து, அது திரும்பியதும் விசையையும் திருப்பினால், சில வீச்சுகளில் தேவையான அமுக்கம் வந்துவிடும்.

அந்தத் திருப்பத்தை நிலையான அலைவு எண்ணில் செய்கிறார்கள், தவறு அங்கேதான். வீச்சு ஏற ஏற வாயு விறைத்துக்கொள்ளும், இயல்பான அலைவு எண்ணும் ஏறும். நிலையான எண்ணில் தள்ளினால் பாதி வழியில் தாளம் தப்பி, ஏறிய வீச்சை நீங்களே அடக்கிவிடுவீர்கள். வேகத்தின் திசை மாறும் கணத்தைப் பார்த்தே விசையைத் திருப்ப வேண்டும். முதல் எரிப்பு கேட்டதும் மோட்டாரை நிறுத்திவிடாதீர்கள். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருக்கும், முதல் சில எரிப்புகள் பலவீனமாக இருக்கும். மோட்டார் விசையைச் சில சுழற்சிகளில் படிப்படியாகக் குறைத்து, பிறகு ஜெனரேட்டராக மாற்ற வேண்டும்.

பிஸ்டனுக்குச் சைன் அலையைக் கற்றுக்கொடுப்பது

மின்னெசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹைட்ராலிக் ஃப்ரீ பிஸ்டன் எஞ்சினில் மென்பொருளாலேயே ஒரு கிராங்கை உருவாக்கிப் பார்த்தார்கள். பிஸ்டன் ஒரு குறிப்பிட்ட பாதையைப் பின்தொடர வால்வு தொடர்ந்து திருத்தும். சிறந்த வேலை. அதைப் படித்துவிட்டு, பாதை என்றால் சைன் அலை என்று எடுத்துக்கொள்வதுதான் பிசகு. இந்தப் பிஸ்டன் மேல்முனையில் அதிக முடுக்கத்தோடு சட்டென்று திரும்பும் இயல்புடையது. அதைச் சைன் அலையில் வளைக்க 500 நியூட்டன் மோட்டார் 13,000 நியூட்டன் வாயுவோடு மல்லுக்கட்ட வேண்டும். வாயுவும் எடையும் தாமாகவே தரும் பாதையைக் கணக்கிட்டு அதையே இலக்காக வைத்தால், மோட்டார் செய்ய வேண்டியது சிறு திருத்தம் மட்டும்.

கணினி மாதிரியில் ஒவ்வொரு எரிப்பும் ஒரே மாதிரி இருக்கும்போது எந்தக் கன்ட்ரோலரும் நன்றாகத்தான் ஓடும். எரிபொருள் ஆற்றலைச் சுழற்சிக்குச் சுழற்சி ஏற்ற இறக்கமாக மாற்றுங்கள், நடுநடுவே ஒரு எரிப்பை முழுவதும் தவறவிடுங்கள், சுமையை அறுத்துவிடுங்கள். அதில் பிழைத்த கன்ட்ரோலரை மட்டும் எஞ்சினுக்குக் கொண்டுபோங்கள். அங்கும் முதலில் எரிபொருள் இல்லாமல், வெறும் காற்றை அமுக்கி மோட்டாராக ஓட்டிப் பாருங்கள். கணித்த திருப்புமுனையும் அளந்த திருப்புமுனையும் அரை மி.மீ.-க்குள் ஒத்துப்போகும் வரை எரிபொருள் குழாயை இணைக்க வேண்டாம்.