சின்ன பிஸ்டலைச் சோதிக்கிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

கையடக்கமான 9 மில்லிமீட்டர் பிஸ்டலைச் சுட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "ரொம்ப உதைக்குதுண்ணே, நமக்குச் சரிப்படாது" என்பது ஒன்று. "சூப்பரா சுடுது, துடைக்கக்கூட வேண்டியதில்லையாம்" என்பது இன்னொன்று. முதலாவது ஒரே ஒரு மேகசினை (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) காலி செய்ததும் வந்த தீர்ப்பு. இரண்டாவது, எங்கோ வறண்ட ஊரில் எடுத்த யூடியூப் காணொளி சொல்லிக் கொடுத்தது. கோலாலம்பூர்க்காரருக்கு இரண்டும் உதவாது. உதையைப் பற்றி, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுவதைப் பற்றி, பேசும்போது முக்கால்வாசி நேரம் நாம் சொந்தக் கையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பராமரிப்பைப் பற்றிப் பேசும்போதோ நம் ஊர்க் காற்றை மறந்துவிடுகிறோம்.

இங்கே தவறாகத் தேர்ந்தெடுத்தால் திருத்துவதும் லேசில்லை. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலீஸ் தரும் உரிமம் இல்லாமல் துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது, தோட்டாவும் வைத்திருக்க முடியாது. 1971-ஆம் ஆண்டு வந்த கடுமையான சட்டம், உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி என்கிறது. ஆகவே இது உரிமம் உள்ள, அல்லது முறைப்படி அதற்கு முயலும் கிளப் உறுப்பினர்களுக்கான பேச்சு. சுபாங் தேசிய சுடுதளம் போன்ற இடத்தில் பயிற்சி அதிகாரி பக்கத்தில் நிற்க, கிளப் துப்பாக்கியை வைத்துச் சோதிக்கும் வாய்ப்பு கிடைத்தால் அதை வீணாக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. ஏர்கான் குளிரில், உலர்ந்த கையில், காலித் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்து "கைக்கு அடக்கமா இருக்கு" என்று மயங்குவது. கைக்கு அடக்கமாக இருப்பது இடுப்பில் சுமக்க நல்லது. சுடும்போது அதுவே எதிரி. காலி மேகசினோடு கிளாக் 19 ஏறக்குறைய 670 கிராம். 2018-இல் வந்த சிக் சவர் பி365 ஏறக்குறைய 505 கிராம். தோட்டா ஒன்றே என்றால் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும் உந்தமும் ஏறத்தாழ ஒன்றே. எடை கால்வாசி குறைந்தால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். குட்டைக் குழலில் தோட்டா சற்று மெதுவாகப் போகும் என்பதால் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு, அவ்வளவுதான். ஆகவே இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சுட்டுவிட்டு "சின்னது மோசம்" என்று சொல்வதில் புதிதாக ஒன்றுமில்லை. அது இயற்பியல் ஏற்கெனவே சொன்னது. அந்த எடைக்கு இந்தப் பிஸ்டல் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எடையில் ஒத்த இரண்டை ஒப்பிட்டால்தான் பிடியின் வடிவம், குழல் கையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஸ்லைடு (சுடும்போது மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) எவ்வளவு கனம் என்பதெல்லாம் பேச ஆரம்பிக்கும்.

அடுத்தது தோட்டாவைக் கலப்பது. நண்பர் கொடுத்த ஒரு பெட்டியை முதல் துப்பாக்கியிலும், கிளப்பில் வாங்கிய இன்னொரு பெட்டியை இரண்டாவதிலும் போட்டுச் சுட்டால் அது ஒப்பீடே இல்லை. 9 மில்லிமீட்டர் தோட்டா பொதுவாக 115, 124, 147 கிரெய்ன் (தோட்டா எடையை அளக்கும் சின்ன அலகு) என மூன்று எடையில் கிடைக்கிறது. ஐ.பி.எஸ்.சி. என்ற பன்னாட்டுச் சுடும் அமைப்பின் போட்டிக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கிரெய்னில் எடையை, வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. மைனர் எனப்படும் வலு குறைந்த வகைக்கே அது குறைந்தது 125 வர வேண்டும். 115 கிரெய்ன் தோட்டா 1180 அடி வேகத்தில் போனால் 135 சொச்சம். 147 கிரெய்ன் 900 அடியில் போனால் 132. எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் கையில் வேறு வேறாகத் தெரியும். முதலாவது சுருக்கென்று அடிக்கும், இரண்டாவது மெல்லத் தள்ளும் என்பார்கள் பலர். எனவே பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எடையையும் வேகத்தையும் நோட்டில் எழுதாமல் ஒரு ரவைகூடச் சுடக்கூடாது என்பது என் கறாரான கருத்து.

வலியை அளக்கிறோமா, முன் சைட்டை அளக்கிறோமா?

மூன்றாவது தவறைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உதை கட்டுக்குள் இருக்கிறதா என்பதை உள்ளங்கை வலியை வைத்து முடிவு செய்கிறோம். வலி வேறு, கட்டுப்பாடு வேறு. உள்ளங்கை எரிந்தாலும் முன் சைட் (குழல் முனைப் பக்கம் இருக்கும் குறிபார்க்கும் முளை) ஒவ்வொரு முறையும் எழுந்த இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்தால் அந்தப் பிஸ்டல் கட்டுக்குள் இருக்கிறது என்று பொருள். சுகமாக இருந்தும் சைட் ஒரு முறை இடப்பக்கமும் மறு முறை மேலேயும் நின்றால் இல்லை என்று பொருள். கண்ணை மூடாமல் சைட்டைத் தொடர்ந்து பார்க்கப் பழகுவது இதற்கு அடிப்படை. வெடிச்சத்தத்துக்குக் கண் சிமிட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. காதுக்கு மஃப், அதற்குள்ளே நுரை அடைப்பான் என இரட்டைப் பாதுகாப்பு போட்டுக்கொண்டால் சிமிட்டல் குறையும். கூரை போட்ட சுடுதளத்தில் பக்கத்து வரிசைச் சத்தம்தான் பலரைக் கெடுக்கிறது.

செய்து பார்க்க ஒரு வழி. ஏழு மீட்டரில் முதலில் நிதானமாக ஐந்து ரவை. அப்புறம், தளத்தில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, இரண்டிரண்டாக வேகமாகச் சுடுங்கள். நிதானத் துளைகள் ஒன்றாகக் குவிந்து, ஜோடியில் இரண்டாவது துளை மட்டும் மேலே ஏறியிருந்தால் பிடியோ துப்பாக்கியோ உதையை அடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நிதானத் துளைகளே கீழே இடப்பக்கம் சரிந்திருந்தால், வலக்கைக்காரரான நீங்கள் வெடிக்கும் முன்பே கையை அமுக்குகிறீர்கள். துப்பாக்கியைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

அதை உறுதி செய்ய வெடிமருந்தில்லாத டம்மி தோட்டா போதும். நீங்கள் பார்க்காதபோது பக்கத்தில் இருப்பவர் நல்ல ரவைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு டம்மியை மேகசினில் கலந்து தரட்டும். சுட்டுக்கொண்டே வருகிறீர்கள், டம்மி வந்ததும் "டிக்" என்ற சத்தம் மட்டும் கேட்கிறது. ஆனால் குழல் முனை, உதையே இல்லாத அந்த நொடியில், ஒரு விரல் அகலம் கீழே குத்துகிறது. பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார். பரவாயில்லை, சிரிக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: உண்மை ரவை சுடும்போது வெடிக்காமல் "டிக்" என்றால், அது டம்மிதான் என்று நினைத்துக் கையை இழுக்காதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்துச் சுமார் முப்பது வினாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

பிடியின் கதை தனி. குட்டைப் பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் காற்றில் தொங்கும். அதனால் கட்டுப்பாடு போகிறது என்றால், அடியில் சின்ன நீட்டிப்பு வைத்த மேகசினைப் போட்டு இன்னொரு முறை சுட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் லேசான பிஸ்டலில் ஸ்லைடு முழுத்தூரம் பின்னால் போகாது. காலித் தோட்டாக்கூடு கக்கும் வாசலிலேயே சிக்கி நிற்கும். "இந்தத் துப்பாக்கி அடிக்கடி மாட்டுது" என்ற புகார்களில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான். துப்பாக்கியை அனுபவமுள்ள இன்னொருவர் கையில் கொடுத்து, அதே மேகசின், அதே தோட்டா போட்டுச் சுடச் சொல்லுங்கள். அப்போதும் மாட்டினால்தான் குற்றம் துப்பாக்கியுடையது.

வேர்வையை மட்டும் மறக்கவே கூடாது. திறந்த சுடுதளத்தில் காலை பத்து மணிக்கு மேல் உள்ளங்கை ஈரமாகத்தான் இருக்கும். போட்டிக்காரர்கள் பிடி வழுக்காமலிருக்கத் திரவச் சாக்கு (லிக்விட் சாக், வெள்ளைப் பொடிக் கரைசல்) பூசிக்கொள்வார்கள். சோதனையின்போது அதைப் பூசாமல் ஒரு மேகசின் சுடுங்கள். ஒவ்வொரு ரவைக்கும் பிடியைச் சரிசெய்ய வேண்டி வந்தால் அந்தப் பிடியின் சொரசொரப்பு நம் ஊருக்குப் போதாது. கடை ஏர்கானில் இது தெரிய வாய்ப்பே இல்லை.

துடைக்க வேண்டாம் என்ற கட்டுக்கதை

நைட்ரைடு செய்த, அதாவது எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கிய, ஸ்லைடு எளிதில் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் துப்பாக்கி முழுக்க ஸ்லைடு இல்லை. சைட் திருகு, மேகசின் ஸ்பிரிங், உருளைப் பின்கள், விசையின் (ட்ரிகரின்) உள்ளே இருக்கும் சின்னச் சின்ன எஃகு பாகங்கள் எல்லாம் அதே பதம் பெற்றவை அல்ல. கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. வேர்வையில் உப்பு வேறு. செம்புள்ளி முதலில் தெரிவது பெரும்பாலும் பின் சைட்டின் ஓரத்தில், அல்லது விரல் படும் ஸ்லைடு பள்ளங்களில்.

ஈரம் வந்து சேர, பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது: ஏர்கான். 20 டிகிரியில் வைத்த அறையிலிருந்து குளிர்ந்த இரும்பை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்தால், கண்ணாடி டம்ளர் போல அதன் மேல் பனி படியும். நம் ஊரில் பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 டிகிரி அளவில் இருப்பதே காரணம். அந்த ஈரத்தோடு ஸ்பஞ்சு வைத்த பெட்டியில் மூடிவிட்டால் ஸ்பஞ்சு அதை நாட்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். தோல் உறையும் அப்படியே. பெட்டி எடுத்துச் செல்லத்தான், குடியிருக்க அல்ல. வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போடுங்கள். நிறம் மாறியதும் அதைக் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அப்புறம், பயந்துபோய் எண்ணெயில் குளிப்பாட்டுவது. ஸ்லைடு ஓடும் தடத்திலும் குழல் உரசும் இடத்திலும் ஒவ்வொரு துளி போதும். சுடும் ஊசி ஓடும் குழாய் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே எண்ணெய் போனால் கரியும் தூசியும் சேர்ந்து பசையாகி, ஊசி தோட்டாவை வலுவில்லாமல் தட்டும். மேகசினின் உட்புறத்துக்கும் எண்ணெய் வேண்டாம். வீட்டில் கதவுக்கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை இதற்கு அடிப்பவர்களும் உண்டு. ஈரத்தை விரட்ட அது உதவலாம், உரசலைத் தாங்கும் எண்ணெயாக நிற்காது.

பிரித்துப் போடும் முறையும் மதிப்பீட்டில் சேர வேண்டும். கிளாக் பிஸ்டலைப் பிரிக்க விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். பி365-க்கு அது தேவையில்லை. எதுவாக இருந்தாலும் மேகசினைக் கழற்றி, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகே மற்றது. தோட்டாக்கள் அந்த மேசையில் இருக்கவே கூடாது. சுட்டு முடித்ததும், துடைத்து முடித்ததும், குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கை கழுவாமல் ரொட்டி சானாயில் கை வைக்காதீர்கள். விரலில் ஈயம் இருக்கும்.

வாங்கும் முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது விலையைவிட முக்கியமான ஒன்று: உதை ஸ்பிரிங்கும் மேகசினும் இங்கே கிடைக்குமா, எத்தனை நாளில்? குட்டைப் பிஸ்டலில் ஸ்பிரிங் நெருக்கமாக அமுங்குவதால் பெரியதைவிடச் சீக்கிரம் தளரும். எத்தனை ரவைக்கு ஒருமுறை மாற்றுவது என்று கையேடு சொல்லும்; சுட்ட ரவையை எண்ணி எழுதிவைத்தால்தான் அந்தக் கணக்கு பயன்படும். வெளிநாட்டு இணையக் கடையில் நீங்களே பாகம் வரவழைக்கப் பார்க்காதீர்கள். நம் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான்.

மேகசின்களின் அடியில் பெயிண்ட் பேனாவால் 1, 2, 3 என்று எண் போடுங்கள். தோட்டா சிக்கி நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த மேகசினின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் பார்த்தால் எல்லாமே இரண்டாம் எண்ணில் நடந்திருக்கும். உதடு (தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்பு) வளைந்த அந்த மேகசினைத் தூக்கி ஓரமாக வைத்தால், "மோசமான" பிஸ்டல் ஒழுங்காகச் சுட ஆரம்பித்துவிடும்.