வெளிநாடு வந்த புதிதில் ஊர்க்காரர் மருத்துவத்துக்கு ஓர் ஏற்பாடு

மதுரைப் பக்கமிருந்து வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்கு வந்தவர்களுக்கு ரூம், சிம், பேங்க் கணக்கு என்றே முதல் மாதம் ஓடிவிடும். அப்புறம் ஒரு நாள் ‘அம்மாவுக்கு முடியல’ என்று போன் வரும். பதறிப்போய்ப் பணம் அனுப்புவோம். யாரோ கைகாட்டிய ஆஸ்பத்திரியில் அது கரைந்து, மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்குவார்கள். ஊரில் முதலில் வேண்டியது பணமல்ல, ஒரு ஆளும் ஒரு பையும்.

ஆள் என்றால் தம்பியோ, சித்தி மகனோ, பக்கத்து வீட்டு அக்காவோ, காலையிலேயே பெரியாஸ்பத்திரியில் ஓபி சீட்டுக்கு நிற்கக்கூடியவர். அரசு ராஜாஜி மருத்துவமனை என்று எழுதியிருந்தாலும் மதுரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் யோசனை சொல்வார்கள், வரிசையில் நிற்பவர் ஒருவர்தான். அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. அதையும் பஸ் காசையும் அவர் கேட்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். உசிலம்பட்டியில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டாம், மாவட்டத் தலைமை மருத்துவமனை அங்கேயே இருக்கிறது.

பைக்குள் ஆதார், ஸ்மார்ட் கார்டு நகல்கள், காப்பீட்டு அட்டை, பழைய சீட்டுகள், ஸ்கேன் எல்லாம் இருக்கட்டும். காலி மாத்திரை அட்டையையும் தூக்கிப் போடாமல் அதில் வையுங்கள். ‘சிவப்பு மாத்திரை, காலையில ஒண்ணு’ என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு அட்டை என்றது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்று, ரேஷன் அட்டையோடு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். உங்கள் சம்பளத்தால் வீட்டு வருமானம் வரம்பைத் தாண்டியிருக்கலாம். தனி ரேஷன் அட்டை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கும், கூலிக்குப் போகும் பக்கத்து வீட்டாருக்கும் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், அதுவும் உடம்பு நன்றாக இருக்கும்போதே. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இது செல்லும். ஆனால் முன்பணம் கட்டும் முன்பே அட்டையைக் காட்ட வேண்டும், ஒப்புதல் வந்த பிறகுதான் ஆபரேஷன். சாதாரணக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க இது உதவாது.

சுகர், பிரஷருக்கு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது, மாத்திரை வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் பெயர் கொடுத்தால் போதும். இதைக் கேட்டு வாங்காமல் மாதாமாதம் மெடிக்கலில் காசு கொட்டும் வீடுகள் நிறைய.

கண்ணுக்கு அரவிந்த். 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியது. கட்டணப் பிரிவில் வரும் பணம்தான் இலவசப் பிரிவையும் நடத்துகிறது, அதனால் கூச்சப்பட ஒன்றுமில்லை. கிராமத்துக்கு முகாம் வந்தால், ஆபரேஷன் தேவைப்படுபவர்களை அவர்களே பஸ்ஸில் அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுவார்கள்.

அவசரத்துக்கு 108. வெளிநாட்டிலிருந்து அதை அடித்தால் போகாது, ஊரில் இருப்பவர்தான் அழைக்க வேண்டும். அம்மாவின் பட்டன் போனில் அதைப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கோயில் பக்கம், எந்த ரேஷன் கடைக்கு எதிரே என்று வழி சொல்லவும் பழக்கிவிடுங்கள்.