வேலைத்தலத்தில் ஒதுக்குகிறார்களா? அன்றன்றே எழுதி வையுங்கள்

கிளிநொச்சியில் கடையொன்றிலோ, முல்லைத்தீவில் திட்ட அலுவலகமொன்றிலோ காலையில் கிளம்பும் கதை பின்னேரத்துக்குள் வீட்டுப் படலைக்கு வந்துவிடும். இந்தப் பயத்தால்தான் வன்னியில் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பினர், திருநர் போன்றோர்) பலர் வாய் திறப்பதில்லை. ஆனால் உங்கள் அடையாளத்தைச் சொல்லாமலே முறையிடலாம். உங்களை ஒதுக்குபவர்கள் செய்ததையும் சொன்னதையும் எழுதினால் போதும்.

ஒரு கொப்பியில் இப்படிக் குறியுங்கள்: “செவ்வாய், காலை 9.40, பொதியிடும் பகுதி. சுப்பவைசர் எல்லாருக்கும் முன்னால் ‘நீ ஆம்பிளையோ பொம்பிளையோ’ என்று கேட்டார். பக்கத்தில் இருவர் நின்றார்கள். அந்தக் கிழமை எனக்கு மட்டும் ஓவர்டைம் இல்லை.” கடைசி வரியை ஒருநாளும் விடாதீர்கள். கேலியைப் “பகிடிதானே” என்று தட்டிக்கழிப்பார்கள். வெட்டிய ஓவர்டைம் சம்பளச் சீட்டில் நிற்கும். வாட்ஸ்அப் குழுவில் வந்ததை ஸ்கிரீன்ஷொட் எடுத்துச் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். அலுவலகக் கணினி வேண்டாம்.

துணை, காதல், அந்தரங்கம் எதையும் முறைப்பாட்டில் எழுதாதீர்கள். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகளை நீக்குவது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. நீக்கும் சட்டமூலமோ நிறைவேறவில்லை. அந்தப் பிரிவுகள் தண்டிப்பது செயலை. ஒருவரின் அடையாளத்தை அல்ல. இருந்தும், உங்களுக்கு எதிராகத் திருப்பக்கூடிய ஒரு வரியை நீங்களே ஏன் கொடுக்கவேண்டும்?

தவணை தப்பினால் நல்ல முறைப்பாடும் வீண். அரச வேலை என்றால், அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு, தொலைபேசி 1996. தனியார் வேலையிலிருந்து நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கவேண்டும்.

“நீங்களே எழுதித் தந்துவிட்டுப் போங்கோ” என்று விலகல் கடிதம் கேட்டால் அந்த இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வைத்தால், நிறுத்தப்பட்டீர்கள் என்பதை நிரூபிப்பது மிகக் கடினம். “யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுந்து வாருங்கள்.

திருநங்கை, திருநம்பியர் 2016 சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கையின்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். அடுத்து அடையாள அட்டை, பிறகு சேமலாப நிதிப் பதிவு. பெயர்கள் பொருந்தாவிட்டால் பணம் எடுக்கும்போது இழுபடும்.

இத்தனையையும் தனியே சுமக்காதீர்கள். சகஊழியரே சொந்தக்காரராக இருக்கும் ஊரில், வேறு ஊரிலுள்ள ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவது பாதுகாப்பு. நித்திரை கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.