டர்பனிலிருந்து காமிக்ஸ் பார்சல்: கட்டும் முறையும், நசுங்கி வந்தால் செய்ய வேண்டியதும்

பழைய முத்து காமிக்ஸை ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கோ கேப்டவுனுக்கோ அனுப்ப வேண்டும், எப்படிக் கட்டுவது என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், எழுதிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது என் நகைப் பெட்டியைவிட காமிக்ஸ் மூட்டைதான் கனமாக இருந்தது என்று மாமியார் இன்னும் சொல்லிக் காட்டுவார். இரண்டு பிரதி இருப்பதில் ஒன்றை விற்பதும் இல்லாததை வாங்குவதுமாக இந்த வீட்டுக்குப் பார்சல் வருவதும் போவதும் நிற்பதில்லை.

முதலில் ஒரு விஷயம். கூரியர்காரர்கள் பார்த்துப் பக்குவமாக எடுத்துப்போவார்கள் என்று நம்பிக் கட்டாதீர்கள். சாயங்காலம் டர்பனில் ஏறும் பெட்டி, என்3 சாலையில் ராத்திரி முழுக்க லாரியில் குலுங்கிக்கொண்டு ஜோஹன்னஸ்பர்க் போகும். அதன்மேல் யாரோ வாங்கிய கார் பேட்டரி உட்கார்ந்திருக்கலாம். 'உடையக்கூடியது' என்ற ஸ்டிக்கரை நான் ஒட்டுவதே இல்லை. ராத்திரி பெல்ட்டில் ஓடும் பெட்டியின் ஸ்டிக்கரை யார் நின்று படிக்கிறார்கள்? இன்னொன்று: சேதமாகி, நஷ்டஈடு கேட்டு எழுதும்போது வரும் முதல் பதில் "பேக்கிங் போதவில்லை" என்பதுதான். ஆக அந்த வழக்குக்கான சாட்சியையும் கட்டும்போதே தயார் செய்துகொள்ள வேண்டும். நான் மேசையில் புத்தகத்தை வைக்கும்போதே பக்கத்தில் போனையும் வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

என்ன காகிதம் என்று பாருங்கள். முத்து காமிக்ஸ் தொடங்கியது 1972இல். லயனும் ராணி காமிக்ஸும் 1984இல். அந்தக் காலத்து இதழ்கள் நியூஸ்பிரிண்ட். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளாகி, ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். இவற்றுக்கு வளைவுதான் எமன். இப்போது சிவகாசியிலிருந்து வரும் வண்ண இதழ்கள் வழவழப்பான ஆர்ட் பேப்பர். கொஞ்சம் வளைந்தாலும் தாங்கும், ஆனால் தண்ணீர் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கெட்டி அட்டை போட்ட ஸ்பெஷல்களுக்கு முதல் அடி மூலையில்தான் விழும்.

உறையும் அட்டையும்

பாலிபுரொப்பிலீன் உறை, இதழுக்குப் பின்னால் தாங்கலாக வைக்கும் அமிலமில்லாத பின் அட்டை, இரண்டும் வேண்டும். விலை உயர்ந்த இதழுக்கு மைலார் என்ற பாலியெஸ்டர் உறை போடலாம். அது வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ள நல்லது, ஒரு ராத்திரிப் பயணத்துக்கு அவசியமில்லை. சிக்கல் என்னவென்றால், கடையில் கிடைக்கும் உறைகளெல்லாம் அமெரிக்க இதழ்களுக்கு அளவெடுத்தவை, ஏறத்தாழ ஏழு அங்குல அகலம். நம் பாக்கெட் சைஸ் இதழ் அதற்குள் நீந்தும். நான் பின் அட்டையை இதழைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டிக்கொண்டு, மிச்ச உறையைப் பின்பக்கம் மடித்து ஒட்டிவிடுவேன். ஒட்டுவதற்கு பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல டேப். செலோடேப் வேண்டாம். வாங்குபவர் இதழை வெளியே இழுக்கும்போது உறையின் மூடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் செலோடேப் முன்னட்டையில் ஒட்டி, படத்தின் வண்ணத்தையே உரித்துக்கொண்டு வரும். இதனால் கெட்ட இதழ்கள் லாரியில் கெட்டதைவிடக் குறைவாக இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்து சாண்ட்விச். பார்சல் பெட்டி செய்யும் நெளிவு அட்டையில் இரண்டு துண்டு வெட்டுங்கள், இதழைவிட நாலு பக்கமும் ஓர் அங்குலமாவது பெரிதாக. ஒன்றின் நெளிவு மேலிருந்து கீழாகவும் மற்றதன் நெளிவு இடமிருந்து வலமாகவும் ஓட வேண்டும். நெளிவு அட்டை தன் வரி ஓடும் போக்கில் சுலபமாக மடங்கும். இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் எந்தப் பக்கமும் மடங்காது. பெரும்பாலானவர்கள் விடுவது அடுத்த வேலையைத்தான்: உறையோடு இருக்கும் இதழை ஓர் அட்டையின் நடுவில் வைத்து, நாலு மூலையிலும் உறையின்மேல் நீல டேப்பைக் குறுக்காக ஒட்டுங்கள். டேப் உறையில் படலாம், இதழில் படக்கூடாது. இப்போது இதழால் நகர முடியாது. அட்டையின் மூலை நசுங்கினாலும் அந்த ஓர் அங்குலம் அடியை வாங்கிக்கொள்ளும்.

நெளிவு அட்டையைவிட எனக்குப் பிடித்தது கோரெக்ஸ். இந்த ஊரில் வீடு விற்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் 'ஷோ ஹவுஸ்' என்று அம்புக்குறி போட்டு நிறுத்துவார்களே, அந்த நெளிவுப் பிளாஸ்டிக் பலகைதான். கனமில்லை, வளையாது, மழைக்கும் அசையாது. போர்டு அச்சடிக்கும் கடையில் கேட்டால் வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சும்மாவே கொடுப்பார்கள். தேர்தல் முடிந்த மறுநாள் கம்பத்தில் ஏறிக் கட்சி விளம்பரப் பலகையைப் பிய்த்துக்கொண்டு வரச் சொல்லவில்லை.

சாண்ட்விச்சை ஒட்டியதும் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை டேப் போட்டு மூடுங்கள். டர்பனில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காகிதமே காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அடை மழை நாளில் மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள். ஜோஹன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் திறந்ததும் அது வேகமாகக் காய்ந்து, முன்னட்டை அலை அலையாகச் சுருளும். வானம் தெளிந்த நாளாகப் பார்த்துக் கட்டுங்கள், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சாண்ட்விச்சுக்கு வெளியே, பைக்குள் போடுங்கள். பபிள் ராப்பை முன்னட்டையில் நேராகச் சுற்ற வேண்டாம். வெயிலில் நின்ற வண்டிக்குள் வட்ட வட்டமாகத் தடம் விழும்.

வெளிப்பெட்டிக்கு பாட்டில் ஸ்டோரில், அதாவது மதுக்கடையில் கேளுங்கள். ஒயின் பெட்டிகள் கெட்டியானவை. காய்கறி, வாழைப்பழப் பெட்டி வேண்டவே வேண்டாம், மடிப்புக்குள் கரப்பான் முட்டை இருக்கும். பெட்டியின் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலத்துக்குக் கசக்கிய வெள்ளைக் காகிதமோ பபிள் ராப்போ அடைத்து மூடி, காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் திறந்து இன்னும் அடையுங்கள்.

தரம் பிரித்துப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரும் சிஜிசி நிறுவனத்திடமிருந்து வந்த இதழ்களுக்கு வேலை குறைவு. கூடு கீறாமலிருக்க ஓர் உறை, மேலே இரண்டு சுற்று பபிள் ராப், பெட்டி, அவ்வளவுதான். இரண்டு கூடுகளை ஒன்றோடொன்று உரச விடாதீர்கள், விரிசல் விழும்.

இதற்கு நடுவே எடுக்க வேண்டிய படங்கள்: முன்னட்டை, பின்னட்டை, முதுகு, பின்கள், அப்புறம் அட்டையில் ஒட்டிய நிலை, பெட்டிக்குள் வைத்த நிலை, ஒட்டி முடித்து முகவரி தெரியும் பெட்டி. முன்னட்டையை ஜன்னல் ஓரத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒரு படம் கூடுதலாக எடுங்கள். மடிப்புக் கோடு இருந்தால் அதில்தான் தெரியும், இல்லையென்பதும் அதில்தான் தெரியும். பின்களில் ஏற்கெனவே துரு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடற்காற்றடிக்கும் ஊர் இது, துரு இல்லாத பழைய இதழ் இங்கே அபூர்வம்.

அனுப்பும் வழி

தென்னாப்பிரிக்கத் தபால் துறை 2023 ஜூலையில் வணிக மீட்பு நடவடிக்கைக்குள் (திவாலாகாமல் காப்பாற்றும் சட்ட ஏற்பாடு) போனது, பல கிளைகளையும் மூடிவிட்டார்கள். உள்நாட்டுக்கு நான் கவுண்டரில் கொடுத்து கவுண்டரிலேயே வாங்கும் கூரியரைத்தான் விரும்புவேன். பெட்ரோல் பங்க் வாசலில் இருக்கும் பார்சல் லாக்கரும் வசதிதான். ஆனால் பிப்ரவரி வெயிலில் அந்த இரும்புப் பெட்டி அடுப்பாகிவிடும். அன்றைக்கே எடுத்துக்கொள்வேன் என்பவருக்கு மட்டும்தான் லாக்கரில் போடுவேன். இன்சூரன்ஸ் போடுவதற்கு முன்னால் விதிமுறையைப் படியுங்கள். பழம்பொருள், சேகரிப்புப் பொருள் ஆகியவற்றுக்கு ஈடு கிடையாது என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் கூரியர்கள் உண்டு. அப்படியென்றால் அந்தப் பிரீமியம் வீண்.

பெட்டி அடிபட்டு வந்தால்

வாசலிலேயே பாருங்கள். மூலை உள்ளே போயிருந்தாலோ ஈரக்கறை தெரிந்தாலோ, கையெழுத்துப் போடும் இடத்தில் "பெட்டி சேதம், உள்ளே சரிபார்க்கவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டிரைவர் அவசரப்படுத்துவார், போனின் திரையில் விரலால் கிறுக்கினால் போதும் என்பார். "ஒரு நிமிஷம் அண்ணா" என்று சொல்லி, அவர் நிற்கும்போதே பெட்டியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கமும், லேபிளும். அப்புறம் கத்தியை ஆழமாக இறக்காமல் ஓரமாகக் கீறித் திறந்து, ஒவ்வொரு அடுக்காகப் படமெடுங்கள். பெட்டி, டேப், காகிதம் எதையும் எறியாதீர்கள். பெட்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். குப்பை லாரியில் போய்விட்டது என்றால் கேஸ் அங்கேயே முடிந்தது.

சேதத்தைப் பார்த்தே காரணத்தை ஊகிக்கலாம். ஒரே மூலை நசுங்கி, பெட்டியின் அதே மூலையும் நசுங்கியிருந்தால் கீழே விழுந்திருக்கிறது. பெட்டி நன்றாக இருந்து இதழின் மூலைகள் மட்டும் மழுங்கியிருந்தால் உள்ளே ஆடியிருக்கிறது, அது அனுப்பியவர் பொறுப்பு. நடுவில் நேர்க்கோடாக வெட்டு இருந்தால் உங்கள் கத்திதான், வாயைத் திறக்காமலிருப்பது நல்லது.

கூரியரோடு ஒப்பந்தம் அனுப்பியவருக்குத்தான். வாங்குபவர் எழுதினால் பதில் வராது. ஆகவே வாங்குபவர் அன்றைக்கே விற்றவருக்குப் படங்களை அனுப்ப வேண்டும், விற்றவர் கூரியருக்கு எழுத வேண்டும். புகாருக்குச் சில நாள் கெடு மட்டுமே தரும் கூரியர்கள் உண்டு. தூங்கி எழுந்து எழுதலாம் என்று விடாதீர்கள். ஒரு தடவை ஒரு கூரியர் அலுவலகத்தில், "காமிக்ஸ்தானே அக்கா, இதற்கு என்ன விலை இருக்கப்போகிறது?" என்று கேட்டார்கள். அதே இதழ் அதே நிலையில் விற்ற இரண்டு மூன்று விலைகளின் படத்தையும் எனக்கு வந்த பணத்தின் ரசீதையும் முன்னால் வைத்த பிறகுதான் பேச்சு மாறியது. நான் விற்றது சேதமாகிப்போனால், கூரியர் தருகிறாரோ இல்லையோ, வாங்கியவருக்கு முதலில் பணத்தைத் திருப்பிவிடுவேன். இதழை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், அந்தப் புதிய நிலைக்கு என்ன விலை போகுமோ அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவேன்.

இஸ்திரிப் பெட்டி, பசை, டேப் எதையும் அடிபட்ட இதழின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். விவகாரம் முடியும்வரை அது சாட்சி.

நனைந்து வந்தால் மட்டும் காத்திருக்க முடியாது. இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், இங்கே கோடையில் அதற்குள்ளேயே. படமெடுத்து முடித்த கையோடு உறையிலிருந்து எடுத்து, நியூஸ்பிரிண்ட் இதழ் என்றால் சில பக்கங்களுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளை கிச்சன் டவலைச் செருகி, நனைய நனைய மாற்றுங்கள். ஃபேன் ஓடட்டும், காற்று நேராக இதழில் படவேண்டாம். வெயிலும் ஹேர் டிரையரும் கூடாது. ஆர்ட் பேப்பர் இதழ் என்றால் ஈரம் காய்வதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்தையும் மெதுவாகப் பிரித்து, இடையில் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் வைக்க வேண்டும். ஒட்டிய நிலையில் காய்ந்துவிட்டால் பிறகு பிரியாது. நிறைய இதழ்கள் நனைந்துவிட்டால் ஒவ்வொன்றையும் பேக்கிங் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்திருக்கும்வரை பூஞ்சை வளராது. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் தெருவில் கல்யாண ஆல்பம், பழைய இதழ் எல்லாம் இறைச்சிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் உறைந்து கிடந்தன. மாமியார் முகத்தைச் சுளித்தாலும் ஃப்ரீசரில் இடம் ஒதுக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

வெளிநாட்டுப் பார்சலுக்கு மூன்று கெடுக்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈபேயில் வாங்கியது சேதமாக வந்தால், டெலிவரி ஆன தேதியிலிருந்து 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பேபாலில் பணம் கட்டியிருந்தால் கட்டிய நாளிலிருந்து 180 நாள். பதிவுத் தபாலில் வந்ததென்றால், அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கேட்கலாம். சிவகாசியிலோ மதுரையிலோ அனுப்பியவர்தான் அங்குள்ள தபால் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெட்டியின் படங்களையும் பதிவு எண்ணையும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அன்றே அனுப்பிவிடுங்கள். அவருக்கு அலைய முடியாதென்றால், தன் உரிமையை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு நீங்களே இங்கே கேட்கலாம்.