பஃபலோவில வாடகைக்கு விட வீடு வாங்கிற யோசனையோ? கடன் எந்தப் பேரில எண்டத முதல் பாருங்கோ

கனடாவுக்கு வந்து ரெண்டு மூண்டு வருசத்தில எங்கட ஆக்களுக்கு ஒரு கணக்கு ஓடத் தொடங்கும். ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில பேஸ்மென்ட் வாடகை கட்டிக்கொண்டு வீடு வாங்க ஏலாது, பீஸ் பிரிஜ் பாலத்துக்கு அங்கால, அமெரிக்காவில நியூயோர்க் மாநிலத்துப் பஃபலோவில மேல ஒரு குடும்பம் கீழ ஒரு குடும்பம் இருக்கிற டபுள் வீடே இஞ்சத்தயவிட எவ்வளவோ குறைவா வாங்கலாம், வாடகையும் அமெரிக்கன் டொலரில வரும் எண்டு. கணக்குப் பிழை எண்டு நான் சொல்ல வரேல்ல. காணி பூமியில காசு போட்டாத்தான் எங்களுக்கு நித்திரை வரும், அது ஊரில இருந்து வந்த பழக்கம். ஆனா ஊரில நொத்தாரிசிட்டப் போய் உறுதி முடிச்சா அலுவல் முடிஞ்சுது. இஞ்ச அதுக்குப் பிறகுதான் அலுவலே தொடங்குது, அதில அம்பிட்டது என்ர மச்சான்.

முதல் சில்லறை விசயங்கள். பிஆர் காட் (கனடா நிரந்தர வதிவிட அட்டை) மட்டும் இருக்கு, பாஸ்போட் இலங்கை அல்லது இந்தியா எண்டால் பாலத்தைக் கடக்க அமெரிக்க விசா வேணும், விசா வராமல் வீடு பாக்க வெளிக்கிடாதேங்கோ, படத்தப் பாத்து வாங்கவும் வேண்டாம். பஃபலோவில கன வீடுகள் நூறு வருசப் பழசு, 1978க்கு முந்திக் கட்டினதில ஈயப் பெயின்ற் இருக்கலாம், சின்னப் பிள்ளையளோட குடும்பம் குடியிருந்தா அது பெரிய பொறுப்பு. விசிட்டரா உள்ள போய் நீங்களே கூரை திருத்தலாம் எண்டு நினைக்காதேங்கோ, போடரில அத வேலை செய்யிறதாத்தான் பாப்பினம்.

வரிப் பக்கம் சுருக்கமாச் சொல்லுறன்: டபிள்யூ-7 போம் போட்டு ஐடிஐஎன் எண்ட அமெரிக்க வரி நம்பர் எடுக்கவேணும், ஒண்டும் செய்யாமல் விட்டா வாடகையில செலவு கழிக்காமலே 30 வீதம் பிடிப்பினம், செலவு கழிச்ச மிச்சத்துக்கு மட்டும் வரி கட்ட விரும்பினா அதுக்குத் தெரிவு செய்து 1040-என்ஆர் எண்ட வரிப் பத்திரம் போடவேணும், நியூயோர்க் மாநிலத்துக்கு வேற, இஞ்ச கனடாவிலயும் அதே வாடகையைக் காட்டவேணும், வெளிநாட்டுச் சொத்தின்ர வாங்கின விலை ஒரு லட்சம் கனடா டொலருக்கு மேல போனா டி1135 எண்ட கனடாப் போமும் போடவேணும். விக்கேக்க விலையில 15 வீதத்தை வாங்கிறவர் பிடிச்சு ஐஆர்எஸ் எண்ட அமெரிக்க வரித் திணைக்களத்துக்குக் கட்டிப்போட்டு மிச்சத்தத்தான் தருவார். இதெல்லாம் ஒழுங்காச் செய்தா தாங்கலாம்.

இனிக் கடன். அமெரிக்காவில உங்களுக்குக் கிரெடிட் ஹிஸ்டரி இல்லை, இஞ்ச 800 ஸ்கோர் இருந்தாலும் அங்கத்தக் கனக்க லெண்டருக்கு அது தெரியாது. அதால புரோக்கர் உங்களை டிஎஸ்சிஆர் கடனுக்குக் கொண்டுபோவார். அதில சம்பளத்தப் பாக்கிறேல்ல, வர்ற வாடகை மாசக் கட்டுக்காசுக்குக் காணுமோ எண்டுதான் பாப்பினம், முற்பணம் கூட, வட்டியும் கூட. கேக்க நல்லாத்தான் இருக்கும். பிறகு மெதுவாச் சொல்லுவினம், கடன் எல்எல்சி எண்ட, சொந்தக்காரரின்ர பொறுப்பு மட்டுப்பட்ட கம்பனி பேரிலதான் தரலாம், எல்எல்சி ஒண்டு திறக்கிறது பெரிய வேலையில்லை, எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம் எண்டு. மச்சானுக்கும் இதத்தான் சொன்னவை. வாடகைக்காரர் வழக்குப் போட்டாலும் உங்கட ஸ்காபரோ வீட்டில கை வைக்க ஏலாது எண்டும் சொல்லிச்சினம், அந்த மனுசன் அதோட சரியெண்டு கையெழுத்து வச்சிட்டார்.

அமெரிக்கருக்கு எல்எல்சி நல்ல சாமான். கனடாவில வரி கட்டுற ஆளுக்கு அது நஞ்சு. ஏனெண்டால் ஓராள் மட்டும் இருக்கிற எல்எல்சியை ஐஆர்எஸ் கணக்கிலயே எடுக்காது, வாடகை நேர உங்கட வருமானம், வரியும் நீங்கள்தான் கட்டவேணும். சிஆர்ஏ எண்ட கனடா வரித் திணைக்களம் அப்பிடிப் பாக்காது. அவைக்கு எல்எல்சி ஒரு வெளிநாட்டுக் கம்பனி. உழைச்சது கம்பனி, அதில இருந்து நீங்கள் எடுக்கிறது டிவிடெண்ட். அப்ப அமெரிக்காவில நீங்கள் உங்கட பேரில கட்டின வரியும் இஞ்ச காட்டுற வருமானமும் பொருந்தாது, பொருந்தாததால அந்த வரியை இஞ்ச முழுசாக் கழிக்க ஏலாமல் போகும். ஒரே வாடகைக்கு ரெண்டு வரி. காசை எடுக்காமல் அங்கயே விட்டாலும் தப்புறது கஷ்டம், உங்கட கையில இருக்கிற வெளிநாட்டுக் கம்பனியின்ர வாடகையை வருசா வருசம் உங்கட கணக்கில சேர்க்கிற சட்டம் கனடாவில இருக்கு.

இதுக்கு மேல ஐஆர்எஸ்ஸின்ர 5472 எண்டு ஒரு போம். வெளிநாட்டுக்காரர் ஒராள் வச்சிருக்கிற எல்எல்சி அதைப் போடவேணும், போடாட்டித் தண்டம் 25,000 அமெரிக்கன் டொலர். மச்சானுக்கு வரி செய்தவர் இஞ்சத்த வரி மட்டும் தெரிஞ்ச ஆள், அந்தப் போமப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. கடிதம் வந்த அண்டைக்கு அக்கா சமைக்கவும் இல்லை, ஒருத்தரும் சாப்பிடவும் இல்லை. புரோக்கருக்குக் கோல் எடுத்தா தான் வரி ஆலோசகர் இல்லையாம்! எல்எல்சி திறக்கச் சொல்லேக்க மட்டும் எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதைச்சவர். எனக்கு இப்பவும் ஆத்திரம் அடங்கேல்ல.

வெளிய வாறதும் லேசில்லை. மச்சான் வீட்டை எல்எல்சியில இருந்து தன்ர பேருக்கு மாத்த லெண்டர் சம்மதிக்கவேணும், இல்லாட்டி முழுக் கடனையும் உடன கட்டு எண்டு கேக்கலாம். வேற கடன் எடுத்து இதை மூடினா, முதல் சில வருசத்துக்கு முன்கூட்டிக் கட்டுறதுக்கும் தண்டம் எண்டு ஒப்பந்தத்தில கிடக்கு.

அப்ப என்ன செய்யிறது? ஒண்டு ரெண்டு வீடு எண்டால் உங்கட சொந்தப் பேரில வாங்குங்கோ, வழக்குப் பயத்துக்கு லயபிலிட்டி இன்சூரன்சும் அது காணாட்டி மிச்சத்தைத் தாங்கிற அம்பிரெல்லா பொலிசியும் எடுங்கோ. சொந்தப் பேரில இருந்தா ஆள் செத்த பிறகு அமெரிக்க மரணச் சொத்துவரிக் கேள்வி வரும், அங்கத்தச் சொத்து 60,000 அமெரிக்கன் டொலருக்கு மேல எண்டால் பிள்ளையள் வரிப் பத்திரம் போடவேணும், ஆனா ரெண்டு நாட்டு ஒப்பந்தத்தால எங்களப்போல ஆக்களுக்குப் பெரும்பாலும் வரி வராது. கடனுக்கு, அமெரிக்காவில கிளை வச்சிருக்கிற கனடா வங்கியில முதல் கேளுங்கோ, ஆர்பிசி மாதிரி, அவை இஞ்சத்தக் கிரெடிட்டைப் பாப்பினம். இஞ்ச வீடு இருந்தா ஹீலொக்கில, அதாவது அந்த வீட்டை ஈடு வச்சு எடுக்கிற கடனில, எடுக்கலாம், வீட்டுப் பெறுமதியில 65 வீதம் மட்டும் தருவினம், வாடகை உழைக்கப் போட்ட காசெண்டால் வட்டியையும் கழிக்கலாம், ஆனா றேட் ஏறினா கட்டுக்காசும் ஏறும், அதையும் யோசியுங்கோ.

எந்த லெண்டராயிருந்தாலும் அப்ரைசலுக்கு (வீட்டின்ர பெறுமதி மதிக்கிறதுக்கு) காசு கட்ட முதல் மெயிலில எழுதிக் கேளுங்கோ: கடன் என்ர சொந்தப் பேரில தருவியளோ, முன்கூட்டிக் கட்டினாத் தண்டம் எவ்வளவு, எத்தினை வருசத்துக்கு. எல்எல்சி இல்லாமல் ஏலாது எண்டு பதில் வந்தா அந்தக் கடனை விடுங்கோ, எவ்வளவு வடிவான வீடா இருந்தாலும்.