திறந்தவெளிக் கச்சேரிக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கோடையில் பாட்டுக் கேட்க இடத்துக்குப் பஞ்சமில்லை. சித்திரை, வைகாசியில் ஊருக்கு ஊர் மாரியம்மன் திருவிழா, அதில் ஓர் இன்னிசைக் கச்சேரி. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் சாயங்கால மேடை. கையில் காசு இருந்தால் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் பெரிய கான்செர்ட். மேடையும் செலவும் மாறினாலும், கூட்டாளிகளோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒன்றுதான். தண்ணீரை அவன் எடுத்து வருவான், டிக்கெட் இவளிடம் இருக்கும், திரும்பி வர வண்டியை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு கிளம்புவது. தனியாகப் போகிறவர் இந்தத் தவறைச் செய்யவே முடியாது. அதனால் வாட்ஸ்அப் குரூப்பில் 'மச்சான் கிளம்பியாச்சா' என்று கேட்பதற்கு முன்னால், எதற்கு யார் பொறுப்பு என்று பெயர் போட்டுப் பிரித்துவிடுங்கள்.

அப்படிப் பிரிக்கும்போது முதலில் முடிவு செய்யவேண்டியது திரும்பும் வழி. பெரும்பாலானோர் அதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்வு கொடுக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். அதனால் டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் 10 மணியை ஒட்டி முடிந்துவிடும். ஊர்த் திருவிழா எப்போது முடியும் என்பது வேறு கதை, அது மாரியம்மனுக்கே வெளிச்சம். 10 மணிக்குக் கச்சேரி முடிந்து, கூட்டத்தோடு வாசலுக்கு வந்து சேரும்போது கிராமத்து டவுன் பஸ் போயிருக்கும். சேலம் – பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுக்க வெளியூர் பஸ் ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது உங்களைப் பெரிய ஊரில் இறக்கிவிடும், அங்கிருந்து பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைக்கு யார் கொண்டுபோய்விடுவது? தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ரயிலாவது உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராக இருந்தும் அந்த ஊருக்கு இன்னும் ரயில் நிலையமே கிடையாது. டவுனில் சொந்தக்காரர் வீட்டில் படுக்கச் சொல்லிவைப்பதோ, ஆட்டோக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவைப்பதோ பகலிலேயே முடியவேண்டிய வேலை.

டிக்கெட்டில் நடக்கும் ஏமாற்று எளிமையானது. 'பாதி விலைக்குத் தருகிறேன்' என்று யாரோ அனுப்பும் க்யூஆர் கோடு படத்தை அவரே பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கலாம். வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவருக்குத்தான் உள்ளே இடம், மற்றவர்கள் வெளியே நின்று கேட்கவேண்டியதுதான். நேர்மையாக வாங்கியவர்களும் ஒரு விஷயத்தில் கோட்டை விடுகிறார்கள். ஒருவரே எல்லாருக்கும் வாங்கி, எல்லா டிக்கெட்டும் அவர் போனிலேயே இருக்கும், அவரோ பார்க்கிங்கில் மாட்டிக்கொண்டிருப்பார். அவரவர் டிக்கெட்டை அவரவர் போனுக்கு வீட்டிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மைதான வாசலில் சிக்னலை நம்பக்கூடாது. அங்கே ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடிக்கப் போராடும். ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும், எனவே நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பையில் இருக்கட்டும். பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் இவற்றுக்கு அனுமதி உண்டா என்பதையும் டிக்கெட்டின் அடியில் இருக்கும் பொடி எழுத்தில் படித்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது வெயில். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வெயிலில் ஓர் அலட்சியம் உண்டு. 'இந்த வெயிலிலேயே பொறந்து வளர்ந்தவங்க நாம' என்பார்கள். நிகழ்ச்சி ஏழு மணிக்குத்தானே, அப்போது வெயில் தாழ்ந்துவிடுமே என்பது இன்னொரு கணக்கு. முன்வரிசை வேண்டும் என்று மூன்று மணிக்கே வரிசையில் நிற்பதை அந்தக் கணக்கு சேர்ப்பதில்லை. நிழல் இல்லாத தகரத் தடுப்புக்கு நடுவே, முன்னும் பின்னும் ஆள் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது காற்றே வராது, வியர்வை காயாது, உடம்பின் சூடு வெளியே போக வழியிருக்காது. பாறையும் கரடும் சூழ்ந்த ஊர்களில் பொழுது சாய்ந்த பிறகும் கல் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் 5 பேர் இறந்தார்கள். அது கோடைகூட இல்லை. நடுப்பகல் வெயில், பெருங்கூட்டம், தண்ணீருக்குத் தவிப்பு, திரும்பும் வழியெங்கும் நெரிசல், எல்லாம் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன.

தாகம் எடுத்த பிறகு குடித்துக்கொள்ளலாம் என்று இருக்கவேண்டாம். காலையிலிருந்தே தண்ணீர், நீர்மோர், ராகிக் கூழ் என்று உள்ளே போய்க்கொண்டிருக்கட்டும். ஓஆர்எஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது, சின்னது 200 மில்லிக்கானது. பெரிய பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கினால் உப்பும் சர்க்கரையும் இரட்டிப்பாகிவிடும், நல்லது செய்யப்போய் வயிற்றைக் கெடுத்துக்கொள்வீர்கள். பெண்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மைதானத்துக் கழிவறை எப்படி இருக்கும் என்று தெரிந்ததால் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மயங்கி விழுவதற்கு இதைவிட நேர்வழி இல்லை. உள்ளே போனதும் கழிவறை எங்கே என்று முதலில் பார்த்து, கூட்டம் சேருமுன் ஒரு தடவை போய்வந்துவிடுவது நல்லது. கூட வரும் பையன்கள் இதை நக்கல் அடிக்காமல் துணைக்கு நின்றால் போதும். டாஸ்மாக் கதையைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்: குடித்துவிட்டு வருகிறவர் உடம்பில் இருக்கும் நீரும் போகும், வாசலிலேயே நிறுத்தினால் எல்லாருடைய சாயங்காலமும் போகும்.

கூட்டாளிக்குத் தலைசுற்றல், குமட்டல் என்றால் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் பேச்சு குழறுகிறது, எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை, உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பவாதம். உடம்பின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். 'கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்' என்று விடக்கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைக்கலாம். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும், அதைச் செய்யாதீர்கள்.

கூட்டத்தைப் பொறுத்தவரை, மேடைக்கு முன்னால் இருக்கும் இடம்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 11 பேர் உயிரிழந்தது உள்ளே இல்லை, வாசல்களுக்கு வெளியே. குறுகின வாய், பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாத நிலை, 'கேட்டைத் திறந்துட்டாங்க' என்று ஒரு குரல், இவ்வளவு போதும். ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து பேருக்கு மேல் நிற்கும்போது நாம் நினைத்த பக்கம் நகர முடியாது, கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போவோம். தோள் இரண்டும் பக்கத்து ஆள்மேல் உரச ஆரம்பித்தாலே வெளியேறும் நேரம் வந்துவிட்டது. பிடித்த பாட்டு வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நெரிசலில் மாட்டிக்கொண்டால் எதிர்த்துத் தள்ளாதீர்கள். இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடித்துக்கொண்டு, தள்ளு குறையும் ஒவ்வொரு முறையும் குறுக்குவாட்டில் ஓரத்தை நோக்கி இரண்டடி நகருங்கள். விழுந்த செருப்புக்கும் போனுக்கும் குனியவே கூடாது. செருப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, திறந்தவெளி என்றால் ஷூதான். மிதி ஒருபக்கம், நம் ஊர் மைதானங்களில் நெருஞ்சி முள் இன்னொரு பக்கம்.

பிரிந்துபோனால் சேர ஓர் இடத்தை உள்ளே நுழையும்போதே சொல்லிவைக்கவேண்டும். 'மேடைக்குப் பக்கத்தில்' என்பது இடமே இல்லை, அங்கேதான் எல்லாரும் இருப்பார்கள். எல்.இ.டி. திரை, பலூன் வளைவு என்றும் சொல்லாதீர்கள், நிகழ்ச்சி முடிந்ததும் அவற்றைத்தான் முதலில் கழற்றுவார்கள். ஆம்புலன்ஸ் நிற்கும் இடம், மைதானத்துக் குடிநீர்த் தொட்டி, வெளியே ஒரு பெட்ரோல் பங்க் மாதிரி அசையாத ஒன்றைச் சொல்லுங்கள், நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். போன் பேச முடியாத கூட்டத்தில் சாதாரண எஸ்எம்எஸ் பல சமயம் போய்ச் சேர்ந்துவிடும்.

மாங்கனிக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் செந்தூராவும் மல்கோவாவும் பார்த்து மயங்கி, ஐந்து கிலோ பெட்டி வாங்கிவிடுவார்கள். பிறகு அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டே மேடை நிகழ்ச்சி முழுக்க நிற்பார்கள். பக்கத்தில் இருப்பவர் காலில் வைப்பார்கள், குழந்தை அதன்மேல் ஏறும், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பாதி ஜூஸ். கடைக்காரரிடம் எத்தனை மணிக்குக் கடை கட்டுவார் என்று கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுத்துவைக்கச் சொன்னால் தாராளமாக வைப்பார்.

சத்தத்தைப் பற்றி நம் ஆட்கள் கவலைப்படுவதே இல்லை, ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே போய் நிற்பதைப் பெருமையாக நினைக்கிறார்கள். பொதுநிகழ்ச்சிகளில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. தொழிற்சாலைக் கணக்கில் 85 டெசிபலில் ஒருவர் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படியே எண்ணிக்கொண்டு போனால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது வெறும் 15 நிமிடம். கச்சேரியோ மூன்று மணி நேரம். ஊர்த் திருவிழாவில் பெட்டியை அடுக்கிவைத்து அதன் காலடியிலேயே பாய் விரித்துக் குழந்தையைத் தூங்கவைக்கும் வழக்கத்தை எப்படியாவது நிறுத்தவேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் காதடைப்பான் போட்டாலும் பாட்டு நன்றாகவே கேட்கும். உண்மையில் நல்ல சத்தம் கேட்கும் இடம் முன்வரிசையும் இல்லை. சவுண்ட் என்ஜினியர் மிக்சரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதன் அருகில்தான். தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் அவர் செட் செய்கிறார். அங்கே கூட்டமும் குறைவு.

கோடை மழைக்கு யாரும் தயாராகப் போவதில்லை. பகலெல்லாம் கொளுத்திவிட்டு, சாயங்காலம் புழுதிக்காற்றுக் கிளம்பி, பத்து நிமிடத்தில் இடியோடு கொட்டும். பெங்களூரிலும் ஏப்ரல், மே மாதச் சாயங்காலங்கள் இப்படித்தான், அங்கே மழை பெய்தால் குளிரும் சேர்ந்துகொள்ளும். இடி காதில் விழுகிற தூரத்தில் இருக்கிறோம் என்றாலே மின்னல் நம்மை எட்டக்கூடிய தூரம்தான். மரத்தடி, பந்தல், இரும்புச் சாரத்தில் நிற்கும் மேடை இவை எதுவும் பாதுகாப்பு இல்லை. கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடியை ஏற்றிய காருக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இருக்கவேண்டும். நனைந்த தரையில் ஜெனரேட்டர் ஒயர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக் கால் வைக்கவேண்டும். நிகழ்ச்சி ரத்தானால் பணம் திரும்புமா என்ற சண்டையை மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக வீடு திரும்பும் பயணம். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 90 கிலோமீட்டர், அகலமான நெடுஞ்சாலை, 'ஒன்றரை மணி நேரத்தில் அடித்துவிடலாம் மாப்ளே' என்று ஒருவர் சொல்வார். அவரும் காலை ஆறு மணிக்கு எழுந்தவர், வெயிலில் நின்றவர், மூன்று மணி நேரம் குதித்தவர். பின்சீட்டில் இருப்பவர்கள் அத்திபெலே தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள், அந்தத் தூக்கம் ஓட்டுகிறவருக்கும் ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் விளக்கில்லாமல் நிறுத்தியிருக்கும் லாரி கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் அடிக்க நேரம் இருக்காது. சேலம் பக்கம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் வேறு இருக்கிறது, அந்த இறக்கத்தில் நடக்கும் விபத்துகள் பேப்பரில் வராத மாதம் குறைவு. கச்சேரிக்குப் போகும்போது ஓட்டியவர் திரும்பும்போது ஓட்டவேண்டாம். திரும்பும்போது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் ஒருவர் தூங்காமல் பேசிக்கொண்டு வரவேண்டும், அந்த ஆள் யார் என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். கண் சொருகினால் டீ குடித்துச் சமாளிக்காமல், வெளிச்சம் உள்ள பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்கு 'லேட்டாகும்' என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டால் அம்மாவும் தூங்குவார்.